நாய்ப்படம் போட்ட இசைத்தட்டு: உலகின் குரல்களைத் தேடிப்போன ஃபிரெட் கெய்ஸ்பெர்க் யார்?

யூடியூபில் பழைய தமிழ்ப் பாடல்களைத் தேடிப் பாருங்கள். பல காணொளிகளில் சரிகம என்ற பெயர் கண்ணில் படும். அதையே வீட்டில் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் எச்எம்வி என்பார்கள். இல்லையென்றால் நாய்ப்படம் போட்ட பிளேட்டு என்பார்கள்.

இரண்டும் ஒன்றுதான். லண்டனில் தொடங்கிய கிராமபோன் கம்பெனியின் இந்தியக் கிளைதான் 2000ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்த லண்டன் நிறுவனத்தின் தொடக்கக் காலத்தில் யாரைப் பாட வைப்பது, எந்தப் பாட்டைப் பதிவுசெய்வது என்று முடிவுசெய்தவர்களில் முக்கியமானவர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க். அமெரிக்காவில் பிறந்த அவர் ஐரோப்பா, ரஷ்யா, இந்தியா, ஜப்பான், சீனா என்று சுற்றியவர். சிங்கப்பூருக்கும் வந்திருக்கிறார், 1903ஆம் ஆண்டில்.

இன்று பாடகர்களைக் கண்டுபிடித்து ஒப்பந்தம் போடும் வேலைக்கு இசை நிறுவனங்களில் ஏ அண்ட் ஆர் என்ற தனிப் பிரிவே இருக்கிறது. அப்படி ஒரு பெயர் வருவதற்கு முன்பே அந்த வேலையைப் பார்த்தவர் கெய்ஸ்பெர்க். அவர் செய்த சில முடிவுகளால்தான் 120 ஆண்டுக்கு முந்தைய சில குரல்களை இன்றும் நாம் கேட்க முடிகிறது.

பியானோ வாசித்த வாஷிங்டன் பையன்

கெய்ஸ்பெர்க் பிறந்தது 1873ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, வாஷிங்டன் நகரில். ஜெர்மனியிலிருந்து குடியேறிய வம்சம். பெரிய வசதி எல்லாம் கிடையாது. ஆனால் பையனுக்குப் பியானோ நன்றாக வரும்.

அந்தத் திறமைதான் அவருக்கு வேலை வாங்கித் தந்தது. பள்ளிப் பருவத்திலேயே கொலம்பியா ஃபோனோகிராஃப் நிறுவனத்தில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போனார்.

அப்போது ஒலிப்பதிவு எப்படி நடந்தது தெரியுமா? தாமஸ் எடிசன் 1877இல் கண்டுபிடித்த ஃபோனோகிராஃப் கருவியில் உருளைகள்தான் பயன்பட்டன. ஆரம்பத்தில் ஓர் உருளையை அப்படியே ஆயிரக்கணக்கில் நகலெடுக்கச் சரியான வழி இல்லை. 100 உருளை விற்க வேண்டுமென்றால் பாடகர் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். சில கருவிகளை வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் சில உருளைகளைப் பதிவுசெய்வார்கள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

பாடகருக்குத் தொண்டை கட்டும். பியானோ வாசிப்பவருக்குக் கை வலிக்கும். அந்தச் சலிப்பை நேரில் அனுபவித்தவர் கெய்ஸ்பெர்க்.

உருளை போய் தட்டு வந்தது

1890களின் தொடக்கத்தில் அவர் எமில் பெர்லினரைச் சந்தித்தார். பெர்லினரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர். தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் முறைக்கு 1887இல் காப்புரிமை பெற்றவர். அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர்தான் கிராமபோன்.

தட்டில் என்ன வசதி? ஒருமுறை பாடினால் போதும். அந்தப் பதிவிலிருந்து உலோக அச்சு எடுக்கலாம். அந்த அச்சை வைத்து ஆயிரம் தட்டுகளை அழுத்தி எடுக்கலாம்.

சின்ன மாற்றம் மாதிரி தெரியலாம். ஆனால் இசை நிறுவனம் என்ற தொழிலே இதிலிருந்துதான் வளர்ந்தது. ஒரே குரலைப் பல ஊர்களில், பல வீடுகளில் விற்க முடியும் என்ற நிலை வந்ததும், எந்தக் குரல் விற்கும் என்று தெரிந்த ஆள் தேவைப்பட்டார். பெர்லினருக்கு அந்த ஆள் கெய்ஸ்பெர்க்.

தட்டு செய்யும் பொருளிலும் ஒரு கதை உண்டு. முதலில் கெட்டி ரப்பரில் செய்தார்கள். அது வளைந்தது, சத்தமும் தெளிவாக இல்லை. பிறகு பொத்தான் தயாரிக்கும் ஒரு நிறுவனம் பயன்படுத்திய அரக்குக் கலவைக்கு மாறினார்கள். அது நன்றாக வேலை செய்தது. அரக்கு எங்கிருந்து வருகிறது? மரத்தில் வாழும் சிறு பூச்சியிலிருந்து. அதை உலகத்துக்கு அதிகம் கொடுத்த நாடு இந்தியா. லண்டனிலும் நியூயார்க்கிலும் சுழன்ற தட்டுகளில் இந்தியக் காட்டுப் பொருள் இருந்தது.

1898: லண்டனில் புதிய கடை

1898இல் பெர்லினர் தன் ஆளை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே கிராமபோன் கம்பெனி அப்போதுதான் தொடங்கியிருந்தது. கெய்ஸ்பெர்க்குக்கு வயது 25. கையில் ஒலிப்பதிவுக் கருவி.

மெய்டன் லேன் என்ற சிறிய தெருவில் ஒரு கட்டடத்தில் பதிவுக்கூடத்தை அமைத்தார். அதே ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டுகளை அச்சடிக்கும் ஆலையும் தொடங்கப்பட்டது. இன்று செவ்வியல் இசைக்குப் பெயர்பெற்ற டாய்ச்ச கிராமபோன் நிறுவனம் பிறந்தது அங்கேதான்.

பெரிய பாடகர்கள் யாரும் உடனே வரவில்லை. கிராமபோனைப் பொம்மை என்றுதான் பலரும் நினைத்தார்கள். லண்டனில் அவர் முதலில் பதிவுசெய்தவர்களில் ஒருவர் சிரியா லாமொன்ட் என்ற பாடகி. மேடை நாடக அரங்கு, மதுக்கூடம் என்று எங்கே நல்ல குரல் கிடைத்தாலும் கெய்ஸ்பெர்க் தேடிப் போனார்.

பதிவுசெய்வதும் சுலபமில்லை. மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் வாய்க்குள் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்துத் தட்டில் கோடு போடும். உச்சத்தில் பாடும்போது பாடகரைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும், மெல்லப் பாடும்போது முன்னால் தள்ள வேண்டும். ஒரு தட்டில் இரண்டு, மூன்று நிமிடந்தான் பிடிக்கும். தப்பு வந்தால் திருத்த வழியில்லை. புதிய தட்டு, முதலிலிருந்து பாட்டு.

நாய் எப்படி வந்தது?

1899இல் ஃபிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் ஒரு படத்துடன் லண்டன் அலுவலகத்துக்கு வந்தார். நிப்பர் என்ற நாய், இசைக்கருவியின் கூம்புக்கு முன் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்கிறது. அவர் முதலில் வரைந்தது எடிசன் பாணி உருளைக் கருவி. அதை அழித்துவிட்டு கிராமபோனை வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது நிறுவனம். அவரும் மாற்றிக் கொடுத்தார். ஓவியத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு.

ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் என்ற அந்த ஓவியத்தின் தலைப்புதான் சுருங்கி எச்எம்வி ஆனது. படம் விற்கப்பட்டபோது நிப்பர் உயிரோடு இல்லை. 1895லேயே இறந்துவிட்டது.

1902, மிலான்: வேண்டாம் என்ற மேலிடம்

1902இல் கெய்ஸ்பெர்க் இத்தாலியின் மிலான் நகருக்குப் போனார். அங்கே லா ஸ்காலா அரங்கில் பாடிக்கொண்டிருந்த இளம் பாடகர் என்ரிக்கோ கரூசோவின் குரல் அவரை அசத்திவிட்டது. பத்துப் பாட்டுப் பாட என்ன சம்பளம் என்று விசாரித்தார். கரூசோ தரப்பு கேட்டது 100 பவுண்டு.

அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. லண்டனுக்குத் தந்தி அடித்தார். அவ்வளவு பணம் தர முடியாது, பதிவுசெய்யக் கூடாது என்று பதில் வந்ததாக கெய்ஸ்பெர்க் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். அவர் அந்தப் பதிலைக் கண்டுகொள்ளவில்லை.

ஏப்ரல் 11ஆம் தேதி மிலானின் கிராண்ட் ஹோட்டல் அறை ஒன்றில் கூம்பை மாட்டி வைத்தார்கள். கரூசோ வந்தார், பத்துப் பாட்டையும் பாடினார், காசை வாங்கிக்கொண்டு போனார். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது.

அந்தத் தட்டுகள் நன்றாக விற்றன. அதைவிடப் பெரிய விளைவு ஒன்று இருந்தது. கரூசோவே பாடிவிட்டார் என்றதும் மற்ற பெரிய பாடகர்களின் தயக்கம் குறைந்தது. கிராமபோன் பொம்மையில்லை என்ற எண்ணம் வந்தது. 1905இல், 62 வயதான புகழ்பெற்ற பாடகி அடெலினா பட்டியும் சம்மதித்தார். அவர் லண்டனுக்கு வரவில்லை. கெய்ஸ்பெர்க்கும் அவருடைய தம்பி வில்லும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வேல்ஸில் இருந்த பட்டியின் மாளிகைக்குப் போனார்கள்.

1902, கல்கத்தா: தெரியாத இசை

மிலானுக்குப் போய்வந்த அதே ஆண்டில் அவர் கிழக்கே கிளம்பினார். நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. ஆசியாவில் கிராமபோன் பெட்டியை விற்க வேண்டுமென்றால் ஆசிய மக்கள் கேட்க விரும்பும் பாட்டு வேண்டும். கரூசோவை வைத்துக் கல்கத்தாவில் கடை நடத்த முடியாது.

உதவியாளர் ஜார்ஜ் டில்நட்டோடு கப்பலில் கல்கத்தா வந்து சேர்ந்தார். பழைய பண்பாட்டைப் பாதுகாக்கும் திட்டம் எதுவும் அவரிடம் இல்லை. அவர் வந்தது வியாபாரத்துக்கு.

கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷாரிடம் உள்ளூர்ப் பாடகர்களைப் பற்றிக் கேட்டபோது பெரிதாகப் பயனில்லை. இந்தியர்களின் வாழ்க்கையிலிருந்து அவர்கள் ஒதுங்கியே இருந்தார்கள் என்பதை அவர் கவனித்தார். பிறகு நாடக அரங்குகளுக்கும் பணக்கார வங்காளிகளின் வீட்டு விருந்துகளுக்கும் போய்ப் பாட்டுக் கேட்டார். தான் கற்ற ஐரோப்பிய இசையை முழுக்க மறந்துவிட்டு, புதிதாகக் கேட்கப் பழக வேண்டியிருந்தது என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

நவம்பர் மாதத்தில் பதிவுகள் தொடங்கின. முதலில் பாடியவர்கள் சசிமுகி, ஃபனிபாலா என்ற இரண்டு நாடகப் பாடகிகள். சில நாளில் கௌஹர் ஜான் வந்தார்.

கௌஹர் ஜான் அன்று கல்கத்தாவின் நட்சத்திரம். கெய்ஸ்பெர்க் பிறந்த அதே 1873இல் பிறந்தவர். இயற்பெயர் ஏஞ்சலினா. ஆர்மீனிய வம்சாவளித் தந்தை. நகைகளோடும் பரிவாரத்தோடும் வந்து இறங்கினார். ஒரு மணிநேரத்துக்கும் மேல் விரித்துப் பாடும் மரபில் வந்த இசையை மூன்று நிமிடத்துக்குள் அடக்கிப் பாடிக் காட்டினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்.

ஏன் பெயரைச் சொல்ல வேண்டும்? பதிவுகள் கப்பலேறி ஹனோவருக்குப் போகும். அங்கே இருக்கும் ஊழியர்களுக்கு அந்தப் பாட்டின் மொழி தெரியாது. இது யார் பாடியது என்று அவர்கள் குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த அறிவிப்பே பின்னாளில் கௌஹர் ஜானின் அடையாளமாகிவிட்டது.

ஆண் வித்வான்கள் எங்கே போனார்கள்? பலர் மறுத்துவிட்டார்கள். கருவிக்குள் பாடினால் குரல் போய்விடும் என்ற பயம் சிலருக்கு. கண்டவர் வீட்டிலெல்லாம் தங்கள் பாட்டு ஒலிப்பதா என்ற கௌரவம் சிலருக்கு. சமூகம் ஓரமாக வைத்திருந்த நாடகப் பெண்களும் தவாயிஃப் என்ற தொழில்முறைப் பாடகிகளும்தான் துணிந்து கூம்புக்கு முன் நின்றார்கள். இந்திய இசைத்தட்டு வரலாற்றின் முதல் குரல்கள் பெண்களின் குரல்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தோக்கியோ, ஷங்ஹாய், சிங்கப்பூர்

அங்கிருந்து ஜப்பான். தோக்கியோவில் ஹென்ரி பிளாக் என்ற ஆஸ்திரேலிய வம்சாவளிக் கதைசொல்லி உதவி செய்தார். ஜப்பானிய மொழியில் மேடையில் கதை சொல்லிப் பிழைத்த வெள்ளைக்காரர் அவர். அவருக்குக் கலைஞர்கள் அத்தனை பேரையும் தெரியும். 1903இன் தொடக்கத்தில் 273 பதிவுகள் செய்யப்பட்டன.

பிறகு ஷங்ஹாய், ஹாங்காங். அங்கே கெய்ஸ்பெர்க் ரொம்பவே தடுமாறினார். ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று எழுதி வைத்தார். குறை சீன இசையில் இல்லை, அவருடைய காதில்தான் இருந்தது. ஆனாலும் பதிவை நிறுத்தவில்லை. உள்ளூர் வியாபாரிகள் சொன்னவர்களைப் பாட வைத்தார்.

அதே பயணத்தில் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிவுசெய்தார். பங்சாவான் நாடகங்கள் ஊர் ஊராகக் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பாங்காக், ரங்கூன் பதிவுகளையும் முடித்துக்கொண்டு 1903இல் லண்டன் திரும்பியபோது ஏறக்குறைய 1,700 பதிவுகள் சேர்ந்திருந்தன.

சென்னைப் பாடகர்கள் பிறகு நடந்த பயணங்களில் இடம்பெற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே சேலம் கோதாவரி போன்ற பாடகிகளின் குரல்கள் தட்டில் ஏறின. 1926இல் சிறுமியாக இருந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டை வெளியிட்டதும் எச்எம்விதான்.

காசு யாருக்குப் போனது?

கெய்ஸ்பெர்க் கதையைப் பெருமையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

பாடகர்களுக்குப் பெரும்பாலும் ஒருமுறைதான் பணம். தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் அவ்வளவுதான். கரூசோ போன்றவர்கள் பிறகு பேரம் பேசி, விற்பனையில் பங்கு வாங்கினார்கள். ஆசியாவில் பாடிய பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிலரின் பெயர்கூடத் தட்டில் தப்பாக அச்சானது.

அச்சுத் தட்டுகள் எல்லாம் ஐரோப்பாவுக்குப் போயின. கல்கத்தாவில் பாடிய பாட்டு ஹனோவரில் தட்டாகி மறுபடியும் கல்கத்தாவில் விற்பனைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கிய பிறகுதான் அந்த நிலை மாறியது.

இன்னொன்றும் உண்டு. எது விற்கும் என்று நிறுவனம் நினைத்ததோ அதுதான் பதிவானது. வயலில் பாடியவர்கள், தோட்டத்தில் பாடியவர்கள், கோயில் வாசலில் பாடியவர்கள் யாருக்கும் கூம்பு வைக்கப்படவில்லை. மலாயா ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்தில் நம்மவர்கள் பாடிய பாட்டு எப்படி இருந்திருக்கும்? வழிவழியாக வாயால் பாடி வந்ததுதான் மிச்சம். அந்த நாளின் குரல் நம்மிடம் இல்லை.

போர் எடுத்துக்கொண்டது

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் எதிரிகள். லண்டன் நிறுவனத்தின் கையிலிருந்து ஹனோவர் ஆலை போய்விட்டது. டாய்ச்ச கிராமபோன் தனி நிறுவனமானது. நல்லவேளையாக லண்டனுக்கு அருகே ஹேய்ஸ் என்ற இடத்தில் நிறுவனம் ஏற்கெனவே சொந்த ஆலை கட்டியிருந்தது. 1907இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பாடகி நெல்லி மெல்பா.

கெய்ஸ்பெர்க்குக்குச் சொந்த இழப்பும் இருந்தது. கூடவே வேலை செய்த தம்பி வில், 1918 அக்டோபரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். பீரங்கிச் சத்தத்தைப் பதிவுசெய்வதுதான் வேலை. அடுத்த மாதமே, உலகம் முழுக்கப் பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இறந்துபோனார். போர் முடிந்ததும் அதே நவம்பரில்தான்.

கெய்ஸ்பெர்க் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலையும் பயணமும்தான் வாழ்க்கை.

மைக் வந்தது, அபி ரோடு வந்தது

1925இல் எல்லாம் மாறியது. கூம்பு போய், மின்சார மைக் வந்தது. மெல்லப் பாடினாலும் பதியும். முழு வாத்தியக் குழுவையும் ஓர் அரங்கில் உட்கார வைத்துப் பதிவுசெய்யலாம்.

ஆனால் 1929இல் பொருளாதாரம் சரிந்தது. தட்டு விற்பனை படுத்துவிட்டது. போட்டியாளராக இருந்த கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் 1931இல் இணைந்தன. அப்படிப் பிறந்ததுதான் இஎம்ஐ. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி லண்டனின் அபி ரோடு பதிவுக்கூடம் திறக்கப்பட்டது. இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். 31 ஆண்டு கழித்து பீட்டில்ஸ் இளைஞர்கள் நுழைந்தது இதே கட்டடத்துக்குள்தான்.

1932இல் கெய்ஸ்பெர்க் ஓர் ஏற்பாடு செய்தார். எல்கருக்கு 75 வயது. யெஹுதி மெனுஹினுக்கு 16. எல்கரின் வயலின் இசைப்படைப்பை அந்தச் சிறுவன் வாசிக்க, எல்கரே குழுவை நடத்தினார். அதற்குப் பின் எல்கர் இரண்டு ஆண்டுகூட வாழவில்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பதிவே கிடையாது.

1938, வியன்னா: இரண்டு மாத இடைவெளி

அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான பதிவு எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

1938 ஜனவரி 16. ஆஸ்திரியாவின் வியன்னா நகரம். குஸ்தாவ் மாலரின் ஒன்பதாவது சிம்ஃபனியை வியன்னா பில்ஹார்மோனிக் குழு வாசிக்கிறது. நடத்துபவர் புரூனோ வால்ட்டர். மாலர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வால்ட்டரும் யூதர். குழுவின் முதல் வயலின் கலைஞர் அர்னால்ட் ரோஸே மாலரின் தங்கை கணவர், அவரும் யூதர்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி வந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. அங்கே மாலர் இசைக்குத் தடை. வியன்னாவில் அப்போதைக்கு இன்னும் வாசிக்க முடிந்தது.

கெய்ஸ்பெர்க் அந்த நிகழ்ச்சியை நேரடியாகப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்தார். ஒரு மணிநேரத்துக்கும் மேல் ஓடும் இசை. நிறுத்த முடியாது, திருத்த முடியாது. அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம்தான். 20 பக்கங்களில் முழுவதையும் பிடித்தார்கள்.

அடுத்த எட்டே வாரம். மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வால்ட்டர் திரும்பிப் போக முடியவில்லை. ரோஸேயைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் லண்டனுக்குத் தப்பி வந்து 1946இல் அங்கேயே இறந்தார். 

அந்த இரவு எப்படி ஒலித்தது என்பதற்கு மிச்சமிருப்பது அந்த 20 பக்கங்கள்தான். இன்று எந்த இசைச் செயலியிலும் அதைத் தேடிக் கேட்கலாம். இருமல் சத்தம்கூடக் கேட்கும்.

அவருக்குப் பிறகு

1939இல் கெய்ஸ்பெர்க் ஓய்வு பெற்றார். 1942இல் அவருடைய நினைவுக்குறிப்பு நூல் வெளிவந்தது. 1951 செப்டம்பர் 2ஆம் தேதி லண்டனில் காலமானார். வயது 78. உருளையிலிருந்து அரக்குத் தட்டுக்கும், கூம்பிலிருந்து மைக்குக்கும் வந்த மாற்றத்தை ஒரே வாழ்நாளில் பார்த்துவிட்டார்.

நிறுவனம் தொடர்ந்தது. நம் பக்கத்தில் பி. ரம்லீயின் பாடல்கள் எச்எம்வி, பார்லஃபோன் பெயர்களில் வெளிவந்தன. இரண்டும் இஎம்ஐ குடும்பம். 2012இல் இஎம்ஐயின் இசைப் பிரிவின் பெரும்பகுதியை யுனிவர்சல் வாங்கியது. மறு ஆண்டு பார்லஃபோன் வார்னர் கைக்குப் போனது. லண்டனில் கெய்ஸ்பெர்க் வளர்த்த நிறுவனம் அதோடு பிரிந்து போனது.

முக்கிய ஆண்டுகள் ஒரு பார்வையில்

1887 - தட்டு முறைக்குப் பெர்லினர் காப்புரிமை பெற்றார்.

1898 - லண்டனில் கிராமபோன் கம்பெனி தொடக்கம். ஹனோவரில் ஆலை.

1899 - நிப்பர் நாய் ஓவியத்தை நிறுவனம் வாங்கியது.

1902 - ஏப்ரலில் மிலானில் கரூசோ, நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான்.

1903 - ஜப்பான், சீனா, சிங்கப்பூர் பதிவுகள்.

1908 - கல்கத்தாவில் இசைத்தட்டு ஆலை.

1925 - மின்சார ஒலிப்பதிவு.

1931 - இஎம்ஐ பிறந்தது. அபி ரோடு திறப்பு.

1938 - வியன்னாவில் மாலரின் ஒன்பதாவது சிம்ஃபனி.

1951 - கெய்ஸ்பெர்க் மறைவு.

2000 - இந்திய நிறுவனம் சரிகம என்று பெயர் மாறியது.

2012 - இஎம்ஐ விற்பனை.

இதில் நமக்கு என்ன?

இசை நிறுவனத்தின் வரலாறு என்றால் எந்த ஆண்டில் யார் யாரை வாங்கினார்கள் என்ற பட்டியல்தான் முதலில் கண்ணில் படும். அந்த ஆண்டுகளுக்கு நடுவே, இந்தக் குரல் வேண்டும், அந்தக் குரல் வேண்டாம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். மேலிடம் வேண்டாம் என்றபோது கெய்ஸ்பெர்க் கேட்டிருந்தால் அந்த மதியத்துக் கரூசோ இல்லை. வித்வான்களோடு சேர்ந்து நாடகப் பெண்களும் மறுத்திருந்தால் 1902இன் கல்கத்தா நமக்கு வெறும் புகைப்படமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு பதிவுசெய்யவில்லை. பல இடங்களில் புரியாமலேயே பதிவுசெய்தார். அப்படியும் அது நிலைத்தது. கேட்பவர்களுக்குப் பிறகு புரிந்தது.

இன்று பதிவுசெய்யக் கப்பல் வேண்டாம், கூம்பும் வேண்டாம். எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் பணி 1979இல் தொடங்கியது. அரசாங்கம் செய்வது ஒரு பக்கம். வீட்டில் பாட்டி பாடும் தாலாட்டையும் தோட்டத்துப் பாட்டையும் எந்த நிறுவனமும் தேடி வராது. அது விற்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதை யார் பதிவுசெய்வது என்பதை அந்த வீட்டில் இருப்பவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், பாட்டி இருக்கும்போதே.